கள்ளும் சம்சுவும் கண்ணாடிப் புட்டியும்

மதுவை மதிப்பிடுவோர் மூன்று அளவுகோல்களைக் கையில் வைத்திருக்கின்றனர்: சுவை, விலை, கிடைக்கும் எளிமை. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் உள்ள திருமண மண்டபங்களில், வாசல் தோரணம் வாடுமுன்பே பின்கட்டு மேசைகளில் வரிசைபெற்றுவிடும் வெளிநாட்டுப் புட்டிகளைச் சுற்றி அமர்வோர் பேச்சிலும் இம்மூன்றே அடிபடுகின்றன. இது பன்னிரண்டாண்டு முதிர்ந்தது, இது கெண்டக்கியிலிருந்து வந்தது, இது இந்நாட்டில் எளிதில் அகப்படாதது என்று புட்டியின் குலம் கோத்திரத்தை ஒப்பிக்கும் அதே நாக்கு, சற்று நேரத்தில், "தோட்டத்து ஆள் குடித்தே கெட்டான்" என்றும் தீர்ப்புரைக்கிறது. முன்னதை நாகரிகமென்றும் பின்னதைச் சமுதாய அக்கறையென்றும் அவர்கள் எண்ணிக்கொள்கின்றனர். இரண்டையும் ஒரே அளவுகோலால் அளந்து பார்க்க எவரும் முற்படுவதில்லை.

அளக்கத்தான் வேண்டும். அதற்குக் கோல சிலாங்கூரும் அதனை ஒட்டிய வட சிலாங்கூர்த் தோட்டங்களும் போல் பொருத்தமான இடம் வேறில்லை. ஜெராம், கோல சிலாங்கூர்க் கரையோரத்தில் தென்னந்தோப்புகள். உள்ளே புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்சுந்தை என்று பால்மரக் காடுகள். அதற்கும் அப்பால் ரசா, கெர்லிங், காலும்பாங் என உலு சிலாங்கூர் நெடுக லயங்கள். கள்ளைத் தரும் மரமும் கூலியைத் தரும் மரமும் பக்கத்தில் பக்கத்தில் நின்ற நிலம் இது. 2007-ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பத்தாங் பெர்சுந்தையின் அருகில்தான் 1917-இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோக்கோனியே உருவாக்கினார். அத்தோட்டத்தின் பெயர் தென்னமரம். தென்னையின் பெயரைத் தமிழிலேயே தாங்கிக்கொண்டு செம்பனை வளர்ந்த தோட்டம் அது.

முதலில் மண்டபத்து மேசையில் இருக்கும் புட்டியைப் பார்ப்போம். போர்பன் என்பது அமெரிக்காவின் விஸ்கி. 1964-ஆம் ஆண்டில் அந்நாட்டு நாடாளுமன்றம் அதனைத் தன் நாட்டிற்கே உரிய பொருள் என்று தீர்மானம் இயற்றியது. அதற்கென்று சட்டம் வகுத்துள்ள இலக்கணம் கடுமையானது. தானியக் கலவையில் மக்காச்சோளம் நூற்றுக்கு 51 பங்குக்குக் குறையலாகாது. வடிக்கும்போது சாராயத்தின் செறிவு நூற்றுக்கு 80-ஐத் தாண்டலாகாது. பீப்பாயில் ஊற்றும்போது 62.5-ஐத் தாண்டலாகாது, புட்டியில் அடைக்கும்போது 40-க்குக் குறையலாகாது. பீப்பாய் புதிய ஓக் மரத்தாலானதாகவும் உட்புறம் தீயிட்டுக் கரியாக்கப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும். ஒருமுறை பயன்பட்ட பீப்பாயை மீண்டும் போர்பனுக்குப் பயன்படுத்த இயலாது. அதனால் அவை கப்பலேறி ஸ்காட்லாந்து நாட்டு வடிசாலைகளுக்குப் போகின்றன. கரிந்த மரத்திலிருந்துதான் அதன் செந்நிறமும், சுவைஞர்கள் வியந்தோதும் வெனிலா மணமும், காய்ச்சிய சர்க்கரையின் இனிப்புச் சாயலும் வருகின்றன. இரண்டாண்டுக்குமேல் முதிர்ந்து 'ஸ்ட்ரெயிட்' என்ற அடைமொழி பெறும் வகையில் தண்ணீரைத் தவிர வேறெதையும் சேர்த்தல் கூடாது. பீப்பாயிலிருந்து ஆண்டுதோறும் ஆவியாகிப் போகும் பகுதிக்கு 'தேவதைகளின் பங்கு' என்று அழகாகப் பெயரும் சூட்டியிருக்கிறார்கள்.

இதில் குறை காண ஒன்றுமில்லை. ஒரு நாடு தன் குடிமகன் குடிப்பது இன்னதென்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டுமென்று கருதி எழுதிய சட்டம் அது. விலைக்கு வருவோம். சாதாரணமான போர்பன் புட்டியொன்றின் விலை, 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியாக்கப்பட்ட குறைந்தபட்ச மாதச் சம்பளத்தை வாங்கும் தொழிலாளிக்கு மூன்று நான்கு நாள் உழைப்பு. புகழ்பெற்ற 'பேப்பி வான் விங்கிள்' போன்றவையோ சில நூறு டாலர் விலை குறிக்கப்பட்டுப் பல ஆயிரம் டாலருக்குக் கைமாறுகின்றன. அரசே மதுக்கடை நடத்தும் சில அமெரிக்க மாநிலங்களில் இத்தகைய புட்டிகளை வாங்கும் வாய்ப்புக்குக் குலுக்கல் நடத்துகிறார்கள். கிடைக்காமையே அதன் பெருமை. சுவை, விலை, கிடைக்கும் எளிமை என்ற மூன்றில் மூன்றாவதுதான் மற்ற இரண்டையும் ஆளுகிறது என்பதை இந்தக் குலுக்கலைவிட வேறெது தெளிவாக்கும்?

இனித் தோட்டத்திற்கு வருவோம்.

கள்ளின் சுவையை மண்டபத்து மேசையினர் அறியமாட்டார்கள், அறிந்திருந்தாலும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். விரியாத தென்னம்பாளையை நார் கொண்டு இறுகக் கட்டி, நாள்கணக்கில் தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவி, முட்டியைக் கட்டிவிட்டால் சொட்டுச் சொட்டாய் இறங்கும் நீர், இறங்கும் கணத்தில் வெறும் இனிப்பு நீரே. முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீர். தடவாவிட்டால் காற்றிலும் முட்டியிலும் உள்ள நொதிகள் வேலையைத் தொடங்கிச் சில மணி நேரத்தில் நுரைக்கச் செய்கின்றன. காலையில் இறக்கியதில் இனிப்பு மிகுதி, மாலைக்குள் புளிப்பும் கடுப்பும் ஏறும், மறுநாள் அது குடிக்கத்தக்கதன்று, அதன்பின் காடிதான். சாராயத்தின் அளவு பெரும்பாலும் நூற்றுக்கு நான்கு முதல் எட்டுக்குள் நிற்கும். இருபதாண்டு பீப்பாயில் முதிர்வது ஒரு மதுவின் பெருமையென்றால், ஒரு பொழுதுக்குமேல் வாழாதது மற்றொன்றின் இயல்பு. சுவையில் எது உயர்ந்தது என்பது அவரவர் நாக்கைப் பொறுத்தது. அதியமானும் ஔவையும் அறிந்த பானம் அது; அதே மொழியின் திருக்குறள் கள்ளுண்ணாமைக்கென்று ஓர் அதிகாரத்தையும் ஒதுக்கியது. ஆகத் தமிழர் கள்ளை அறியாதவருமல்லர், அதன் கேட்டை அறியாதவருமல்லர்.

ஆனால் ஒரு பொழுதுக்குமேல் வாழாத பொருளுக்கு ஒரு பெரிய விளைவு உண்டு. அதனைத் தொலைவுக்குக் கொண்டு செல்ல இயலாது. சேமித்து வைக்க இயலாது. இறக்கிய அன்றே, இறக்கிய இடத்துக்கு அருகிலேயே, குடிப்பவனைத் தேடிப் பிடித்து விற்றாக வேண்டும். ஊரில் இந்த வேலையைப் பலர் பகிர்ந்துகொண்டனர். மலாயாத் தோட்டத்திலோ கள்ளுக்கடை அரசின் உரிமத்தின்கீழ், நிர்வாகத்தின் பொறுப்பில், லயத்துக்கு எட்டும் தூரத்தில் அமைந்தது. விடியுமுன் பிரட்டுக்கு நின்று, மங்கும் வாளியும் சுமந்து, பனியில் நனைந்து மரம் சீவிப் பாலெடுத்தவன், மாலையில் வேறொரு மரத்தின் பாளையைச் சீவியெடுத்ததை அதே நிர்வாகத்தின் கடையில் வாங்கிக் குடித்தான். கூலி ஒரு கையால் கொடுக்கப்பட்டு மறு கையால் திரும்பப் பெறப்பட்டது. போருக்கு முந்திய ஆண்டுகளில் ஆண் தொழிலாளியின் நாட்கூலி அரை வெள்ளி அளவிலும், சில ஆண்டுகளில் அதற்குக் குறைந்தும் இருந்தது என்பதை நினைவில் கொண்டால், திரும்பிப்போன அந்தச் சதங்களின் கனம் புரியும்.

திரும்பிப்போன பணம் எங்கே போயிற்று? இங்கேதான் இந்த வரலாற்றின் கொடிய நகைச்சுவை இருக்கிறது. கள்ளுக்கடை ஆதாயம் நிதியாகத் திரட்டப்பட்டுத் தொழிலாளர் நலனுக்கென்று செலவிடப்பட்டது. கோயில் திருவிழாவுக்கும், பந்து விளையாட்டுக்கும், பிள்ளைகளின் பள்ளிக்கும் உதவியது என்று பெருமையோடு சொல்லிக்கொண்டனர். அதாவது, தகப்பன் குடித்தால் மகன் படிக்கலாம். தகப்பன் குடிக்க மறுத்தால் மாரியம்மன் திருவிழாவுக்கு விளக்குக் குறையும். தொழிலாளியின் நலனுக்குச் செலவிடுவது முதலாளியின் கடமை என்ற நிலையை மாற்றி, அந்தக் கடமையின் ஒரு பங்கைத் தொழிலாளியின் போதையின் தலையில் ஏற்றிய ஏற்பாட்டை அறம் என்று அழைத்தவர்கள் கணக்கில் வல்லவர்கள் என்பதில் ஐயமில்லை. தேவதைகளின் பங்கு என்று கெண்டக்கியில் சொல்வார்களே, தோட்டத்தில் அந்தப் பங்கு ஆவியாகவில்லை. பேரேட்டில் வரவாக எழுதப்பட்டது.

இதற்கு அந்நாளில் சொல்லப்பட்ட நியாயங்கள் இரண்டு. கள் உணவு என்பது ஒன்று. கடையை மூடினால் தொழிலாளி கள்ளச் சாராயத்துக்குப் போய்விடுவான் என்பது மற்றொன்று. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. அதனால்தான் அவை நெடுங்காலம் செல்லுபடியாயின. புதிதாக இறக்கிய கள்ளில் சர்க்கரையும், நொதியிலிருந்து வரும் உயிர்ச்சத்தும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் உணவுதான் நோக்கமென்றால் முட்டியில் ஒரு கீற்றுச் சுண்ணாம்பு தடவுவதில் என்ன செலவு? அதே மரம், அதே பாளை, அதே ஆள், கிடைப்பது பதநீர். காலையில் பால்வெட்டப் போகும் பெண்ணுக்கும் ஆயாக்கொட்டகைப் பிள்ளைக்கும் அதனைக் கொடுத்திருக்கலாம். பதநீர்க் கடையைத் திறக்க முந்தியவர் எவருமில்லை. உணவு என்ற வாதத்தின் அளவு அவ்வளவுதான்.

"தோட்டத்து ஆள் குடித்தே கெட்டான்" என்பவர்கள் மறந்துவிடும் செய்தி ஒன்று உண்டு. கள்ளுக்கடையை மூடு என்று முதலில் உரக்கச் சொன்னவர்களில் முன்வரிசையில் நின்றவன் தோட்டத்து ஆள்தான். 1936-இல் அமைந்த மலாயா மத்திய இந்தியச் சங்கம் கள்ளுக்கு எதிராகக் குரல் கொடுத்தது உண்மை. தம் தோப்பில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தென்னைகளை வெட்டிச் சாய்த்த ஈ.வெ.ரா. 1929 டிசம்பரில் மலாயாவுக்கு வந்து ஏற்றிய சீர்திருத்த வேகமும் உண்மை. ஆனால் 1941-இல் சிலாங்கூரில் நடந்தது வேறு வகையானது. அவ்வாண்டு மார்ச்சு முதல் மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்து, சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவிய வேலைநிறுத்தத்தில், கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர். எச். நாதன் முன்னின்றார். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி வேண்டும். பிள்ளைகளுக்குத் தக்க கல்வி வேண்டும். துரையைக் கண்டதும் மிதிவண்டியை விட்டு இறங்கும் இழிவு ஒழிய வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். இந்தக் கோரிக்கைகள் ஒரே பட்டியலில் நின்றன. கூலி உயர்வையும் கள்ளுக்கடை மூடலையும் ஒன்றாக வைத்தவன் பொருளியல் படித்தவனல்லன். ஆயினும் அரை வெள்ளி எந்த வழியாக வருகிறது, எந்த வழியாகப் போகிறது என்பதை அவன் அறிந்திருந்தான். மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். படை இறங்கியது, துப்பாக்கி பேசியது, தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். கள்ளுக்கடைகள் நின்றன.

போருக்குப்பின் கெடாவில் ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை திரண்டது. சீருடையும் ஒழுங்கும் கொண்டு தோட்டந்தோறும் குடியொழிப்பு நடத்திய அப்படையினர், 1947 பிப்ரவரி இறுதியில் பீடோங்கில் கள்ளுக்கடையை மறிக்கச் சென்றபோது காவலருடன் மோதல் மூண்டு தொழிலாளி ஒருவர் உயிர்நீத்தார். குடிக்கும் உரிமைக்காக உயிர்விட்ட தமிழன் எவனையும் மலாயா வரலாறு காட்டவில்லை. குடிக்காமலிருக்கும் உரிமைக்காக உயிர்விட்டவனைக் காட்டுகிறது. பரம்பரைக் குடியன் என்ற பழியைச் சுமத்துவோர் இதனை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

பிறகு கள்ளுக்கடைகள் மெல்ல மறைந்தன. அறிவுரையால் மறைந்தவை சில. தோட்டங்கள் துண்டாடப்பட்டதாலும், தென்னை வீழ்ந்ததாலும், மரமேறும் கைகள் இல்லாமற் போனதாலும் மறைந்தவையே பல. அந்த இடத்திற்கு வந்ததுதான் சம்சு. கள்ளுக்கும் சம்சுவுக்கும் உள்ள வேறுபாட்டைப் போதையின் அளவைக் கொண்டு மட்டும் பேசுவது மேலோட்டமானது. கள் கெட்டுப்போகும் பொருள். சம்சு கெட்டுப்போகாத பொருள். கள்ளுக்கு மரம் வேண்டும், ஏறும் ஆள் வேண்டும், நேரம் வேண்டும், கடை வேண்டும். கடை மூடிய பின் எவனும் குடிக்க இயலாது. சம்சுவுக்கு ஓர் அலமாரித் தட்டு போதும். மளிகைக் கடையில் அரிசி மூட்டைக்கும் மீன் டின்னுக்கும் நடுவில் அது எந்நேரமும் காத்திருக்கும். அரிசி எழுதப்படும் கடன் குறிப்பேட்டிலேயே அதுவும் எழுதப்படும். சம்பள நாளன்று கணக்குத் தீர்க்க வரும் மனைவிக்கு எந்தப் புள்ளி அரிசி, எந்தப் புள்ளி சம்சு என்று பிரித்தறிய வழியில்லை. சிறு புட்டியாகையால் காற்சட்டைப் பைக்குள் ஏறித் தீம்பாருக்குள்ளும் நுழைந்தது. கெண்டக்கியின் அரிய புட்டியைக் குடிப்பவன் தேடியலைகிறான். வட சிலாங்கூர்த் தோட்டத்திலோ புட்டி குடிப்பவனைத் தேடி வந்தது.

சுவையைப் பற்றிச் சொல்லவே வேண்டா. கரும்புச் சக்கைப்பாகு போன்ற மலிவான மூலத்திலிருந்து வடித்த மணமற்ற சாராயத்தில் தண்ணீரும் நிறமும் செயற்கை மணமும் கலப்பதே இத்தகைய கலவை மதுவின் செய்முறை. போர்பனின் செந்நிறம் கரிந்த மரம் தந்தது. இதன் செந்நிறம் கரண்டியால் ஊற்றியது. பீப்பாயில்லை, காலமில்லை, தானியத்தின் நினைவுமில்லை. தெம்பு தரும், உடல்வலி போக்கும், பேறுகாலத்துப் பெண்ணுக்கு நல்லது என்ற சாயலில் பெயரும் படமும் மட்டும் தாராளம். எஸ். எம். முகமது இத்ரிசு தலைமையில் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் இந்தச் சம்சுவுக்கு எதிராகப் பல ஆண்டுகள் ஓயாமல் எழுதியும் பேசியும் வந்தது. தமிழர் அமைப்புகள் பல மேடையில் குடியைக் கண்டித்துவிட்டு மண்டபத்தில் புட்டியைத் திறந்த காலத்தில், ஒரு பெரியவர் அந்த வேலையைச் செய்தார் என்பதைக் குறித்தாக வேண்டும்.

சிறிது கணக்கும் பார்க்கலாம். நூற்றுக்கு ஐந்து பங்கு சாராயமுள்ள கள் ஒரு பைண்டு, அதாவது 568 மில்லி, குடித்தால் உடம்புக்குள் போகும் தூய சாராயம் ஏறத்தாழ 28 மில்லி. நூற்றுக்கு 37 பங்கு உள்ள சம்சு 150 மில்லிச் சிறு புட்டி ஒன்றில் இருப்பது 55 மில்லி. வயிறு நிறையக் குடித்து, உட்கார்ந்து பேசி, ஒரு மாலையில் இரண்டு பைண்டில் ஏற்றிக்கொண்டதை நாலு மடக்கில் ஏற்றிவிடுகிறது அந்தப் புட்டி. 700 மில்லிப் போர்பனில் இருப்பது 280 மில்லி. சம்சுப் புட்டி ஐந்துக்குச் சற்று மேல். இந்த மூன்றிலும் உள்ள சாராயம் ஒரே சாராயம். 1988-இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மதுபானங்களைப் புற்றுநோய் விளைவிப்பவை என்று முதல் வகையில் சேர்த்தபோது, இருபதாண்டு முதிர்ந்ததற்கு விலக்கு ஏதும் அளிக்கவில்லை. கல்லீரல் பெயர்ச்சீட்டைப் படிப்பதில்லை. மண்டபத்தில் குடிப்பவன் மறுநாள் விடுப்பெடுக்கலாம். அவனுடைய வீட்டு அரிசி அந்தப் புட்டிக்குள் இல்லை. வேறுபாடு அவ்வளவே, ஆனால் அது சிறிய வேறுபாடன்று.

அரசின் அளவுகோல் எப்படி இருக்கிறது என்று பார்த்தால் வியப்பே மிஞ்சும். 2016 மார்ச்சு 1 முதல் இந்நாட்டில் மதுவுக்கான கலால் வரி அதிலுள்ள தூய சாராயத்தின் அளவைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. முறை சரியானதே. ஆனால் அன்று வகுத்தபடி ஒரு லிட்டர் தூய சாராயத்துக்குப் பீர் செலுத்தியது 175 வெள்ளி. சம்சு போன்ற கலவை மது செலுத்தியது 60 வெள்ளி. நூற்றுக்கு ஐந்து பங்கு சாராயமுள்ள பானத்தின் ஒவ்வொரு துளிச் சாராயத்துக்கும், முப்பது நாற்பது பங்கு உள்ள பானத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு வரி. 2025 நவம்பரில் மதுவரி நூற்றுக்குப் பத்து உயர்த்தப்பட்டது. எல்லாம் பத்து உயர்ந்தால் மூன்று மடங்கு மூன்று மடங்காகவேதான் இருக்கும். ஏழையின் மதுவுக்கு வரி குறைத்திருக்கிறோம் என்று இதற்குப் பரிவுப் பொருள் சொல்வோரும் உண்டு. ஏழையின் அரிசிக்கு விலை குறைப்பது பரிவு. ஏழைக்கு மிகக் கடுமையான போதை மிக மலிவாகக் கிடைக்கும்படி ஏற்பாடு செய்வதற்குப் பெயர் வேறு. பழைய கள்ளுக்கடை நிதியை நிருவகித்த துரைமாருக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும்.

இதற்கு விடையாக இரண்டு தரப்பினர் எழுந்து நிற்கின்றனர். கள்ளைத் திரும்பக் கொண்டுவா என்பவர் ஒரு தரப்பு. இயற்கையான பானம், முன்னோர் குடித்தது, சம்சுவைவிடத் தீங்கு குறைந்தது என்பது அவர்கள் வாதம். தீங்கு குறைந்தது என்பது கணக்குப்படி சரி. ஆனால் கள்ளுக்கடை வெறும் பானமன்று. அது ஓர் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டின் பேரேட்டை மறந்துவிட்டுக் குவளையின் நுரையை மட்டும் நினைத்துப் பார்ப்பவர்களுக்கு லயத்துப் பெண்களின் மாலை நேரம் நினைவுக்கு வருவதில்லை. ஆணுக்கு நிகராக மரம் சீவியும் ஆணைவிடக் குறைந்த கூலி வாங்கிய அவள், அந்தக் குறைந்த கூலியில்தான் அடுப்பை எரித்தாள். ஏக்கத்தோடு எழுதப்படும் கள்ளுக்கடைக் கட்டுரைகளில் அவள் பெரும்பாலும் வறுத்த கறி கொண்டுவரும் கையாக மட்டுமே தோன்றுகிறாள்.

முழு மதுவிலக்கே மருந்து என்போர் மற்றொரு தரப்பு. அவர்கள் தமிழகத்தைத் திரும்பிப் பார்ப்பது நல்லது. 1937 அக்டோபரில் சேலத்தில் இராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு, 1948-க்குள் சென்னை மாகாணம் முழுமைக்கும் விரிந்தது. 1971-இல் கடைகள் திறந்தன. சில ஆண்டுகளில் மூடின. 1981-இல் மீண்டும் திறந்தன. 1983-இல் தோன்றிய டாஸ்மாக் நிறுவனத்தின் கைக்கு 2003-இல் சில்லறை விற்பனை முழுவதும் போய்ச் சேர்ந்தது. இதற்கிடையில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. நூற்றுக்கு ஐந்து பங்குப் பானத்தை இறக்குவது குற்றம். நூற்றுக்கு நாற்பது பங்குப் பானத்தை அரசே விற்பது வருவாய். மலேசியாவில் வரி செய்யும் வேலையை அங்கே தடை செய்கிறது. இரு நாட்டிலும் பயன் ஆலைக்காரனுக்கும் கருவூலத்துக்குமே.

செய்யக்கூடியவை இல்லாமலில்லை. 2017 டிசம்பர் 1 முதல் மது வாங்கும் வயது 18-இலிருந்து 21 ஆக உயர்த்தப்பட்டது. 2021-இன் இறுதிப் பகுதியில் கோலாலம்பூர் மாநகர மன்றம் மளிகைக் கடைகளில் கடும் மது விற்பதைத் தடுத்தது. கிடைக்கும் எளிமையைத் தொட்டால்தான் மற்றவை அசையும் என்பதை உணர்ந்த விதி இரண்டாவது. ஆனால் அந்த விதி மாநகர எல்லைக்குள் நின்றுவிடுகிறது. எல்லா வகைக் கடைகளும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் தலைநகரத்தானுக்கு ஒரு காப்பு. பொழுது போக்க அந்த ஒரே மளிகைக் கடைத் திண்ணையைத் தவிர வேறிடமில்லாத பெஸ்தாரி ஜெயாத் தோட்டத்தானுக்கு அந்தக் காப்பு இல்லை. அவனுக்கு அல்லவா முதலில் கொடுத்திருக்க வேண்டும்?

அந்தத் தோட்டத்தானும் இப்போது பழைய தோட்டத்தானல்லன். மேரி, நைஜல் கார்டனர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் என்னும் ஐந்து தோட்டங்களின் குடும்பங்கள் நிலம் கைமாறிய பின் தங்களுக்கென்று வீடு கேட்டு எத்தனை ஆண்டு காத்திருந்தன என்பது வட சிலாங்கூர் முழுதும் அறிந்த கதை. வேலை போய், வீடு நிலையற்று, பிள்ளை நகரத்துத் தொழிற்சாலைக்குப் போய்விட்ட நிலையில் மூன்று மடக்குப் புட்டி என்ன வேலை செய்கிறது என்பதை ஆராய ஒழுக்க நூல்கள் தேவையில்லை. அவனை அந்நிலையில் வைத்துவிட்டு, குடித்தே கெட்டான் என்று முடிவுரை எழுதுவோர், விளைவைக் காரணமாக்குகிறார்கள். கெட்டுப்போன பிறகு குடித்தவனும் உண்டு என்பது அவர்கள் ஆய்வில் இடம்பெறுவதில்லை.

லயங்களில் இன்று வங்காளதேசத்தாரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் இருக்கின்றனர். நூறாண்டுக்கு முன் தமிழன் கப்பலேறி வந்த அதே காரணத்துக்காக விமானமேறி வந்தவர்கள். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் அண்டைப் பகுதிகளிலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர் இத்தகைய வெளிநாட்டுத் தொழிலாளர், சிலர் இந்நாட்டவர். மெத்தனால் உடம்பில் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பை முதலில் தாக்கும். பார்வை மங்குவதைப் போதை என்று எண்ணிப் படுத்துவிடுபவன் எழுவதில்லை. சந்தேகத்துக்குள்ளான புட்டிகளில் சம்சு என்று எழுதியிருக்கவில்லை. விஸ்கி, பீர் என்ற பெயர்ச்சீட்டுகளே ஒட்டியிருந்தன. மண்டபத்து மேசையின் பெயரை, மளிகைக் கடைக்கும் கீழான விலையில், எவரும் கேள்வி கேட்காத சந்தில் விற்றார்கள்.

கலவை மதுவின் வரியைப் பீரின் வரிக்கு நிகராக்குதல், கோலாலம்பூர் விதியைச் சிலாங்கூரின் எல்லா ஊராட்சி மன்றங்களுக்கும் நீட்டித்தல், தோட்ட மருந்தகத்திலும் மாவட்ட மருத்துவமனையிலும் குடி நோயருக்குத் தமிழிலும் வங்காளத்திலும் நேப்பாளியிலும் பேசக்கூடிய ஒருவரை அமர்த்துதல் ஆகிய மூன்றையும் கேட்டு ஒரு மனு எழுத ஒரு மாலைப் பொழுது போதும். கையொப்பமிட ஆள் தேடவும் வேண்டா. மண்டபத்துப் பின்கட்டு மேசையில் சங்கத் தலைவரும், கோயில் செயலாளரும், கட்சிக் கிளைப் பொறுப்பாளரும் அந்நேரத்தில் ஒருங்கே அமர்ந்திருக்கிறார்கள்.